இயேசுவின் எச்சில்: ஆவூரிலிருந்து ஒரு வரலாறு

மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் ஒரு புதுமை வருகிறது. காது கேளாத, பேச்சு திக்கும் ஒருவரை இயேசுவிடம் கூட்டி வருகிறார்கள். இயேசு அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போகிறார். அவருடைய காதுகளில் தம் விரல்களை வைக்கிறார். உமிழ்ந்து, அந்த எச்சிலால் அவருடைய நாக்கைத் தொடுகிறார். காது திறக்கிறது, நாக்கின் கட்டு அவிழ்கிறது. யோவான் நற்செய்தியிலும் இதுபோல ஒன்று உண்டு. தரையில் உமிழ்ந்து, மண்ணைச் சேறாகக் குழைத்து, பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரின் கண்களில் பூசுகிறார்.

ஞானோபதேச வகுப்பிலும் ஞாயிறு பள்ளியிலும் படித்து வந்த தோழர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால், ஐந்து அப்பம் இரண்டு மீன், கடல்மேல் நடந்தது, புயலை அடக்கியது எல்லாம் நினைவிருக்கிறது என்பார்கள். எச்சில் மட்டும் பலருக்கு நினைவில் இல்லை. ஆசிரியர் அதைச் சொல்லியிருக்கமாட்டார். சொல்லியிருந்தாலும் 'தொட்டார், குணமானது' என்று சுருக்கியிருப்பார். குழந்தைகள் முகம் சுளிப்பார்களே என்ற தயக்கம் அவருக்கு இருந்திருக்கலாம். அந்தத் தயக்கத்துக்கு நம் மண்ணில் முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பகுதி நம் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரோடு சம்பந்தப்பட்டது.

பழைய கத்தோலிக்கச் சடங்கில், ஞானஸ்நானம் கொடுக்கும்போது குருவானவர் தம் எச்சிலைக் கட்டைவிரலில் தொட்டு, குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைப்பார். மாற்கு சொன்ன அந்தப் புதுமையை ஒவ்வொரு குழந்தையின் உடம்பிலும் மறுபடி நிகழ்த்திக் காட்டுவதுதான் இதன் பொருள். குழந்தைக்கு இயேசுவைப் பற்றிய முதல் பாடம், சொல் புரிவதற்கு முன்பே, இப்படி உடம்பு வழியாகத்தான் வந்தது. ரோமிலும் லிஸ்பனிலும் இது சாதாரண விஷயம். மதுரை மிஷனில் இதை விட்டுவிட்டார்கள்.

எச்சில் தீட்டு என்பதுதான் காரணம். உயர்சாதி வீட்டார் தங்கள் பிள்ளையின் முகத்தில் ஒருவர் எச்சில் வைப்பதைப் பார்த்தால் மதமே வேண்டாம் என்று போய்விடுவார்கள் என்று மிஷனரிகள் கணக்குப் போட்டார்கள். எச்சில் என்ற சொல்லுக்கு நம் ஊரில் என்ன கனம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எச்சில் இலையை எடுப்பவர் யார், தனி டம்ளர் யாருக்கு என்ற கேள்விகளெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. பேஷ்வாக்கள் ஆண்ட புனேயில் தீண்டத்தகாதோர் எனப்பட்டவர்கள் தங்கள் எச்சில் தரையில் விழாதிருக்கக் கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதினார். எச்சில் யாருடையது என்பதுதான் சாதியில் முதல் கணக்கு.

இனி ஆவூருக்கு வருவோம். புதுக்கோட்டை மாவட்டத்தின் மிகப் பழைய கத்தோலிக்கத் தலங்களில் ஆவூர் ஒன்று. இங்கே முதல் கோயிலைக் கட்டியவர் வெனான்சியுஸ் பூஷே என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு. காலம் 17ஆம் நூற்றாண்டின் இறுதி. இன்றுள்ள பெரிய கோயில் 1747இல் எழுந்தது. வீரமாமுனிவரும் இங்கே பணியாற்றியிருக்கிறார். ஆவூரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கோயிலின் பழமையையும் வீரமாமுனிவரின் தமிழையும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நாம் பூஷேயின் பின்னாலேயே கொஞ்ச தூரம் போக வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் அவர் வந்து சேர்ந்த மிஷன் எப்படி இயங்கியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி கட்டி, சைவ உணவு உண்டு, பிராமண சந்நியாசியைப் போல வாழ்ந்தார். ஒடுக்கப்பட்ட மக்களோடு புழங்கினால் உயர்சாதியார் வரமாட்டார்கள் என்று விலகியிருந்தார். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றுக்கு 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தார். அதே ஆணையில், உயர்குலம் என்று பெருமை கொள்கிறவர்கள் மற்றவர்களைக் கோயிலில் இழிவாக நடத்தக் கூடாது என்ற வேண்டுகோளும் இருந்தது. பூணூல் அனுமதி அமலானது, வேண்டுகோள் வேண்டுகோளாகவே நின்றது. பிறகு 1640 வாக்கில் பல்தசார் தா கோஸ்தா தொடங்கி 'பண்டார சாமிகள்' என்ற இன்னொரு பிரிவு வந்தது. ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் போவதற்கென்று தனிக் குருக்கள் இவர்கள். 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தர் என்ற ஜான் தெ பிரிட்டோவும் பண்டார சாமிதான். இவர்கள் பட்ட பாடும் அலைந்த அலைச்சலும் உண்மை. குருக்களையே சாதிக்கு ஏற்பப் பிரித்துக்கொண்டதும் உண்மை.

1703இன் இறுதியில் ரோமிலிருந்து திருத்தந்தையின் தூதராக தூர்னோன் பாண்டிச்சேரிக்கு வந்து இறங்கினார். இங்கே என்னென்ன சடங்குகள் மாற்றப்பட்டிருக்கின்றன என்று விசாரித்தார். அப்போது கர்நாடக மிஷனின் தலைவராக இருந்த பூஷேயும் விசாரிக்கப்பட்டவர்களில் ஒருவர். ஆவூரில் கோயில் கட்டிய அதே பூஷேதான். 1704 ஜூன் 23 தேதியிட்ட ஆணையில் தூர்னோன் ஒரு நீண்ட தடைப்பட்டியல் வெளியிட்டார். ஞானஸ்நானத்தில் எச்சிலை விடக் கூடாது என்று அது சொன்னது. குழந்தைகளுக்கு ஏழு வயதில் திருமணம் செய்வது கூடாது என்றது. மாதவிலக்கான பெண்களைக் கோயிலுக்கு வராதே என்று தள்ளுவது கூடாது என்றது. பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: நோயுற்ற பறையர்களின் வீட்டுக்குள் குருக்கள் போக மறுக்கக் கூடாது.

இந்தக் கடைசித் தடையை நாம் நின்று படிக்க வேண்டும். ஒரு வழக்கம் இருந்தால்தான் அதைத் தடைசெய்ய வேண்டிவரும். சாகக் கிடப்பவரை வீட்டிலிருந்து தூக்கி வெளியே கொண்டுவர வேண்டும். அங்கேதான் குருவானவர் வந்து இறுதி அருட்சாதனம் கொடுப்பார். சேரிக் குடிசையின் வாசலுக்குள் அவர் கால் படாது. நொடிக்கு நொடி உயிர் போய்க்கொண்டிருக்கும் ஒரு தாயை, ஒரு பிள்ளையை, கட்டிலோடு தூக்கிக்கொண்டு வருகிற சனங்களை நினைத்துப் பாருங்கள்.

எச்சிலை விட்டதும் வாசலை மிதிக்காததும் ஒரே ஆணையில் அடுத்தடுத்து வருவது தற்செயலாக நமக்குத் தெரியவில்லை. மேலே உள்ளவர் முகம் சுளிக்காதிருக்கச் சடங்கிலிருந்து எச்சில் போனது. அதே காரணத்துக்காகக் குருவின் கால் கீழே உள்ளவரின் வீட்டுக்குள் போகவில்லை. இரண்டு இடத்திலும் வெட்டப்பட்டது தொடுதல்தான்.

தூர்னோனை நமக்கான போராளியாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் பாண்டிச்சேரியைத் தாண்டி உள்நாட்டுக்கு வரவில்லை. உடம்பும் சரியில்லை, தமிழும் தெரியாது. ரோமின் சடங்கு உலகெங்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே அவருடைய கவலை. கப்புச்சின் சபையாருக்கும் இயேசு சபையாருக்கும் இருந்த பகையும் இதில் கலந்திருந்தது. ஆனாலும் சேரி வாசலைப் பற்றிய கேள்வி ரோம் வரைக்கும் எழுத்தில் போய்ச் சேர்ந்தது இவரால்தான்.

பூஷே என்ன செய்தார்? அவரும் பிரான்சிஸ் லைனஸ் என்ற இன்னொரு குருவும் இந்த ஆணையை எதிர்த்து வாதாட ரோமுக்கே கப்பல் ஏறினார்கள். அவர்கள் தரப்பு வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். நாங்கள் அவமதிக்கவில்லை, நாங்கள் சேரிக்குள் போனால் மற்றச் சாதியார் எங்களை ஊருக்குள் விடமாட்டார்கள், அரசர்கள் துரத்துவார்கள், ஒட்டுமொத்த மிஷனும் அழியும் என்றார்கள். இந்த வாதத்தை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! தேர்தலில் கேட்டிருக்கிறோம், சங்கத்தில் கேட்டிருக்கிறோம், கட்சியிலும் கேட்டிருக்கிறோம். மற்றவர்கள் ஓடிவிடுவார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்பார்கள். பொறுப்பது எப்போதும் ஒரே தெருதான்.

வழக்கு நாற்பது ஆண்டு நடந்தது. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் முடிவான ஆணை கொடுத்தார். பறையர் வீட்டுக்குப் போவதா இல்லையா என்ற சிக்கலுக்கு அதில் ஒரு வழி கிடைத்தது: பறையர்களுக்கென்றே தனிக் குருக்களை ஒதுக்குகிறோம் என்று இயேசு சபையார் முன்வைத்த யோசனையைத் திருத்தந்தை ஏற்றுக்கொண்டார். வீட்டு வாசல் திறந்தது, ஆனால் தனி வாசலாகத் திறந்தது. இதற்கு மூன்று ஆண்டு கழித்துத்தான் ஆவூரில் பெரிய கோயில் எழுகிறது.

உலகெங்கும் இன்று ஞானஸ்நானத்தில் எச்சில் கிடையாது. சுகாதாரம் கருதி 20ஆம் நூற்றாண்டில் அது வழக்கொழிந்தது. இப்போது குரு விரலால் காதையும் வாயையும் தொடுவதோடு சரி. அதில் நமக்குக் குறையொன்றும் இல்லை. மற்ற நாடுகளில் கிருமிக்குப் பயந்து விட்டதை இங்கே முந்நூறு ஆண்டு முன்பே தீட்டுக்குப் பயந்து விட்டார்கள் என்பது மட்டும் குறிப்பில் இருக்கட்டும்.

புதுமைகளைக் குழந்தைகளுக்குச் சொல்வதற்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்கலாம். நற்செய்திப் புதுமைகளை ஒருமுறை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். தொழுநோயாளியைச் சொல்லாலேயே குணமாக்கியிருக்கலாம், இயேசு கை நீட்டித் தொடுகிறார். பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பெண் அவருடைய ஆடையைத் தொடுகிறாள். அவர் கோபப்படவில்லை, மகளே என்கிறார். யாயீர் என்பவரின் பன்னிரண்டு வயது மகள் இறந்துவிட்டாள் என்கிறார்கள். பிணம் கிடக்கும் வீடு தீட்டு வீடு. இயேசு நேரே உள்ளே போய்ச் சிறுமியின் கையைப் பிடிக்கிறார். அவளைப் பார்த்து அவர் அரமேயத்தில் சொன்ன 'தலித்தா' என்பதற்குச் சிறுமி என்று பொருள். நம் தலித் என்ற சொல்லுக்கும் அதற்கும் உறவு எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தால் அதைத் தடுக்கவும் வேண்டாம். 1704இன் ஆணையை இந்தக் கதையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாயீரின் மகளைக் கட்டிலோடு வெளியே தூக்கி வரச்சொல்லவில்லை.

சபைகள் இந்தப் புதுமைகளைத் தொடர்ந்து கற்பித்துக்கொண்டுதான் இருந்தன. கற்பித்தபோது வல்லமை மிஞ்சியது, தொடுதல் கதைக்கு அலங்காரமாகிப்போனது. இயேசு பெரியவர், எதையும் செய்வார் என்பது பாடமானது. யாரிடம் போனார், யார் வீட்டில் சாப்பிட்டார், அதைப் பார்த்து யார் முகம் சுளித்தார்கள் என்பது பாடத்திலிருந்து நழுவியது.

இதற்கு வெகுகாலம் முன்பு, 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் வேறொரு வழியைக் கையாண்டார். மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் மொழிபெயர்த்த செபங்களை மனப்பாடம் செய்ய வைத்தார். நோயாளிகளின் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், போய்ச்சேர நேரமில்லாதபோது, அந்தப் பிள்ளைகளை அனுப்பினார். பிள்ளைகள் வீட்டுக்குள் போய்ச் சுற்றி நின்று செபம் சொன்னார்கள், பலர் குணமானார்கள் என்று அவர் ஐரோப்பாவுக்கு எழுதினார். குணமானார்களா என்பது நம் விவாதம் அல்ல. நோயாளியின் படுக்கை வரைக்கும் போன கால்கள் குழந்தைகளுடையவை என்பதை மட்டும் கவனியுங்கள். அதே பிள்ளைகளை வைத்து வீடுகளிலிருந்த சாமி சிலைகளை உடைக்கவைத்ததையும் அவர் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். பெற்றவர்களுக்கு எதிராகப் பிள்ளைகளை ஏவும் அந்தக் கல்வியை நம்மால் கொண்டாட முடியாது.

புரொட்டஸ்டண்டுகள் மட்டும் தப்பினார்கள் என்று நினைக்கவேண்டாம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார், பெண்பிள்ளைகளுக்கும் வைத்தார். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அந்த அச்சுப் புத்தகத்தைப் படித்து மனம் மாறியவர்களில் ராஜநாயக்கன் என்பவர் முக்கியமானவர். தஞ்சை அரசின் படைவீரராக இருந்தவர், பறையர், அடி உதைகளுக்கு நடுவே ஊர் ஊராகப் போய்ப் போதித்த உபதேசியார். 1733இல் இந்தியாவின் முதல் புரொட்டஸ்டண்டு குருவாக வேளாளரான ஆரோனைத் திருநிலைப்படுத்தினார்கள். அடுத்த இடத்துக்கு 1741இல் ராஜநாயக்கனின் பெயர் பேசப்பட்டது. அவர் கையால் நற்கருணை வாங்க மற்றச் சாதியார் சம்மதிக்கமாட்டார்கள் என்று தியோகு என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ராஜநாயக்கன் உபதேசியாராகவே வாழ்ந்து முடிந்தார். ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்ட கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லலாம், ஆனால் அவர் கையிலிருந்து அப்பம் வாங்கமாட்டார்கள்!

தஞ்சையில் 1830களில் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியே கூடாது என்று உத்தரவிட்டபோது வேளாளக் கிறித்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். வில்சனுக்கு முன்பே, 1820களின் இறுதியில், இளம் மிஷனரிகள் சாதியில் கைவைத்ததை எதிர்த்து எழுதியவர் வேதநாயக சாஸ்திரியார். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் ஞாயிறு பள்ளிகளில் பிள்ளைகள் பாடுகிறார்கள். அருமையான தமிழ் அது, பாடட்டும். பாடலைச் சொல்லிக்கொடுக்கும் நாளில் அவர் யாரோடு சமமாக உட்கார மறுத்தார் என்பதையும் சொல்லிக்கொடுக்கலாம்.

ஞாயிறு பள்ளி என்ற ஏற்பாட்டின் பிறப்பையும் நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் இதைப் பரவலாக்கினார். வாரத்தில் ஆறு நாளும் உழைத்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைத்தது ஞாயிறு ஒரு நாள்தான். அந்த நாளில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதே அது. வேதம் அதற்குப் பாடப்புத்தகம். பள்ளித் திண்ணையை மிதிக்கவிடாத நாட்டில் நம் பாட்டன் பாட்டிகள் பலருக்கு எழுத்து வந்தது உபதேசியார் வழியாகத்தான். இதை மறைத்துவிட்டு மிஷன்களின் குற்றத்தை மட்டும் பேசினால் அது வரலாறு ஆகாது. சுவரையும் அவர்களே விட்டுவைத்தார்கள், சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கவும் அவர்களே கற்றுத்தந்தார்கள்.

சுவர் என்பது இங்கே உவமை இல்லை. நெல்லை வடக்கன்குளம் கோயிலுக்குள் வேளாளரையும் நாடாரையும் பிரித்த தடுப்பை 1910இல் காசானேல் அடிகளார் இடித்தார். உரிமை போயிற்று என்று நீதிமன்றம் போனவர்கள் தோற்றார்கள். நம் பக்கத்து மாவட்டத்தில், திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களின் பிணங்களைப் பிரித்த சுவரின் கதை நாடறிந்தது. கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் தலித் முன்னேற்றக் கொள்கை என ஒன்றை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது.

சபைக்கு வெளியே நம் மாவட்டம் எப்படி இருக்கிறது என்பதை வேங்கைவயல் காட்டிவிட்டது. 2022 டிசம்பரில் அங்கே முதலில் நோயுற்றவர்கள் குழந்தைகள். தண்ணீரில்தான் கோளாறு என்று மருத்துவர்கள் சந்தேகப்பட்டார்கள். டிசம்பர் 26 அன்று தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மனித மலம் கலந்திருப்பது தெரிந்தது. விசாரிக்க வந்த அதிகாரிகளின் கண்முன்னே இரட்டைக் குவளை முறையும் கோயில் நுழைவு மறுப்பும் வெளிப்பட்டன. 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட தரப்பிலேயே மூன்று பேரைக் குற்றவாளிகள் என்றது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை, நாமும் ஏற்கவில்லை.

இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சமாரியப் பெண்ணின் கதையை எப்படிச் சொல்வது? யூதர் சமாரியரோடு பாத்திரம் புழங்கமாட்டார்கள். நடுப்பகலில், கிணற்றடியில், யூதரான இயேசு அவளிடம் தண்ணீர் கேட்கிறார். கேட்டது அவளுடைய குடத்துத் தண்ணீரை. வகுப்புகளில் பெரும்பாலும் இது அவளுடைய ஐந்து கணவர்களைப் பற்றிய கதையாகிவிடுகிறது. குடத்தைப் பற்றிய கதையாகச் சொன்னால் இரட்டைக் குவளை பார்த்த பிள்ளைக்கு உரை தேவைப்படாது.

எச்சில் புதுமைக்குச் சற்று முன்னால், மாற்குவின் அதே அதிகாரத்தில், ஒரு சங்கடமான கதை இருக்கிறது. வேற்றினத்துத் தாய் ஒருத்தி தன் மகளுக்காக வந்து காலில் விழுகிறாள். பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது முறையல்ல என்கிறார் இயேசு. ஆம், இயேசுதான் சொல்கிறார். அவள் அழுதுகொண்டு திரும்பிப் போகவில்லை. மேசைக்கடியில் உள்ள நாய்க்குட்டிகளும் பிள்ளைகள் சிந்துவதைத் தின்னுமே என்று பதிலுக்குப் பதில் பேசுகிறாள். இந்தச் சொல்லுக்காகவே உன் மகள் குணமானாள் என்கிறார் அவர். இறையியலாளர்கள் இதற்கு ஆயிரம் விளக்கம் சொல்வார்கள். நமக்கு எளிமையாகத் தெரிவது இது: வாதாடிய தாய் ஜெயித்தாள், அதற்குப் பிறகுதான் இயேசு வேற்றினத்தார் பகுதியில் காது கேளாதவரைத் தம் எச்சிலால் தொடுகிறார். குழந்தைகளிடம் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாய் என்ற சொல்லை மறைக்க வேண்டாம். அந்தச் சொல்லை வேறு இடத்தில் கேட்ட பிள்ளைகள்தான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம் தோழர்களில் சிலர் புதுமை என்றாலே மூடநம்பிக்கை என்று எழுந்து போகிறார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளையைச் செபத்தோடு நிறுத்திவிடாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதில் நமக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வேங்கைவயலில் குழந்தைகளின் வயிற்றுவலிக்குக் காரணம் கண்டது மருத்துவம்தான். ஆனால் நம் தெருவில் ஞாயிற்றுக்கிழமை இந்தக் கதைகளைக் கேட்கும் பிள்ளைகளை விட்டுவிட்டு எழுந்து போனால், கதையை வேறு யாரோ வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு பாடத்தை அரசு சொல்லித்தருகிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்றானது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர்கள் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். கிறித்தவத்தில் சாதி இல்லை என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆவூரின் வரலாறு தெரிந்த யாரும் அதை நம்பமாட்டார்கள். வேங்கைவயல் மாதிரி ஒரு கொடுமை தலித் கிறித்தவக் குடியிருப்பில் நடந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்கவே அந்தப் பிள்ளைகள் முதலில் தங்கள் மதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருக்கிற பிள்ளை பள்ளிச் சேர்க்கைக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் சாதிச் சான்றிதழுக்கு நிற்கும்போது, கையிலுள்ள படிவத்தில் மதம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அதன் அம்மா நம்மைப் பார்க்கிறார்.